வேலிக்கு வெளியே இருப்பவர்களின் கணக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியாவுக்கும் டகோமாவுக்கும் நடுவே ஐ-5 ஹைவேயில் போய்வருகிற நம்ம ஆட்களிடம் அங்கிருக்கும் ராணுவத் தளமான ஜாயின்ட் பேஸ் லூயிஸ்-மெக்கார்ட் பற்றிப் பேச்செடுத்தால், "ஆர்மி பேஸ் வந்து ட்ராஃபிக்கைக் கெடுத்துடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கோளாறு படைத்தளத்தில் இல்லை என்பது என் கட்சி. எத்தனை பேர் வருவார்கள் என்று முடிவு செய்கிற இடம் ஒன்று. வந்தவர்களுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் அமைத்துக் கொடுக்க வேண்டிய இடம் வேறொன்று. வினையே அங்கேதான்.

ராணுவம் இங்கே வலிய வந்து உட்காரவும் இல்லை. 1917-இல், தளம் இருக்கும் பியர்ஸ் கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) மக்கள் வாக்களித்து, 20 லட்சம் டாலர் கடன்பத்திரம் போட்டு, நிலத்தை வாங்கி ராணுவத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வியாபாரம் பெருகும் என்ற கணக்குதான். (அதே சமயத்தில் நிஸ்குவாலி பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலத்திலிருந்து சுமார் 3,300 ஏக்கரைப் பிடுங்கியதும் நடந்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை.)

2000-களில் ஈராக், ஆப்கன் போர்கள். ஸ்ட்ரைக்கர் என்ற கவச வண்டிகளில் போகும் பிரிகேட்கள், அதாவது ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள், மூன்று இங்கே வந்து சேர்ந்தன. 2010-இல் தரைப்படையின் ஃபோர்ட் லூயிஸையும் விமானப்படையின் மெக்கார்டையும் ஒரே தளமாக்கினார்கள். வந்த வீரர்கள் எல்லோரும் வேலிக்குள் குடியிருக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் லேக்வுட், லேசி, ஸ்பானவே, யெல்ம் என்று வெளியேதான் வீடு பிடித்தார்கள். அவர்களுக்கு வாடகைப் படி உண்டு. எந்தப் பதவிக்கு எவ்வளவு என்ற அட்டவணை இணையத்திலேயே கிடக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டே வாடகை சொல்லலாம். அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் மளிகைக்கடை ஊழியருக்கு எந்தப் படியும் கிடையாது.

பள்ளிக்கூடக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். பள்ளிகளுக்கு வருமானம் தரும் சொத்து வரி ராணுவ நிலத்துக்குக் கிடையாது என்பதால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இம்பாக்ட் எய்ட் என்று மத்திய அரசு பள்ளி மாவட்டங்களுக்குப் பணம் தருகிறது. வருடத்தில் ஒரு குறிப்பிட்ட நாளை வைத்துத் தலை எண்ணுவார்கள். பெற்றோர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வேலிக்குள் வசிக்கும் வீரரின் குழந்தை ஒன்று என்றால், வெளியே வசிக்கும் வீரரின் குழந்தைக்கு 0.20. அதாவது ஐந்தில் ஒன்று. வெளியே இருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி வருகிறதே என்பது அரசின் வாதம். சரி, நியாயம்தான். ஆனால் அந்தக் குடும்பம் சாமான் வாங்குவது தளத்துக்குள் இருக்கும் கமிசரியிலும் (ராணுவ மளிகைக்கடை) எக்ஸ்சேஞ்சிலும் (மற்ற பொருள்கள் விற்கும் கடை). அங்கே மாநில விற்பனை வரி இல்லை. விற்பனை வரியைப் பெரிதும் நம்பி ஓடும் ஊர்கள் இவை. ஆள் இந்த ஊரில், செலவு அந்த ஊரில். எண்ணிக்கை நாள் முடிந்து ஜனவரியில் மாற்றலாகி வரும் பிள்ளை அந்த வருடக் கணக்கிலேயே ஏறாது. டீச்சர் மட்டும் பாடம் நடத்தியாக வேண்டும்.

அப்புறம் ரோடு. தளத்தைக் கிழித்துக்கொண்டு ஐ-5 போகிறது. இரண்டு பக்கமும் ராணுவ நிலம் என்பதால் சொல்லிக்கொள்ளும்படி மாற்று வழி கிடையாது. 2017 டிசம்பர் 18 அன்று டுபான்ட் அருகே ஆம்ட்ராக் ரயில் பாலத்திலிருந்து ஹைவே மேல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். தெற்கே போகும் பாதையை நாள்கணக்கில் மூடியபோது இந்த வட்டாரமே முடங்கியது. ராணுவத்தால் கூடும் ட்ராஃபிக்குக்கு ராணுவமே பணம் தர ஒரு திட்டம் இருந்தது. ஆனால் அப்போதைய விதிப்படி ட்ராஃபிக் இரண்டு மடங்காக வேண்டும். ஏற்கெனவே நிரம்பி வழியும் ரோட்டில் அது எப்படி இரண்டு மடங்காகும்? கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாகவா போகும்? 2011-இல் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியத்தின் குழுவே இதைச் சுட்டிக்காட்டியது. கடைசியில் 2015-இல் வாஷிங்டன் மாநிலம் பெட்ரோல் வரியை ஏற்றிக் கொண்டுவந்த நிதித் திட்டத்தில்தான் இந்த இடத்துக்கு 49.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பிரிகேட்டை அனுப்பியது வாஷிங்டன் டி.சி. பணம் போட்டது மாநிலத்தின் மறுகோடியில், ஸ்போகேனில் பெட்ரோல் போடுகிறவர்.

திட்டமே போடவில்லை என்று சொல்ல மாட்டேன். 2010-இல் பாதுகாப்புத் துறையின் மானியத்தில் தளத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஒரு வளர்ச்சித் திட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது தடிமனான அறிக்கை அல்ல, அதன் பின் 2011-இல் உருவான கூட்டமைப்பு. நகரங்கள், கவுன்ட்டிகள், தளம் எல்லாம் உட்கார்ந்து பேச நிரந்தரமாக ஒரு மேசை. லேக்வுட் நகராட்சிதான் அதன் கணக்குவழக்கைப் பார்க்கிறது. மெக்கார்ட் ஓடுபாதையின் வடக்கு முனையில், விமானம் விழ வாய்ப்புள்ள பகுதியில் கடைகளும் பட்டறைகளும் முளைத்துவிட்டன. அவற்றை விலை கொடுத்து வாங்கி அப்புறப்படுத்துவது போன்ற, எந்த அரசியல்வாதிக்கும் ஓட்டு வாங்கித் தராத வேலையை இழுத்துப்போட்டுச் செய்வது அந்த மேசைதான்.

"பேஸ் இல்லேன்னா இந்த ஊருக்கு ஏதுங்க சோறு?" என்று கமென்ட் வரும், தெரியும். மறுக்கவில்லை, மாநிலத்திலேயே மிகப் பெரிய வேலை தருவோரில் ஒன்று அது. ஆனால் 2014-இல் ஒரு ஸ்ட்ரைக்கர் பிரிகேட்டைக் கலைத்தார்களே, அதையும் இந்த ஊர்களைக் கேட்டா செய்தார்கள்? ஏறினாலும் இறங்கினாலும் ஊருக்குக் கிடைப்பது தகவல் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. அடுத்த முறை பிரிகேட்டை இடம் மாற்றும் உத்தரவு தயாராகும்போது, எத்தனை பிள்ளைகள், எத்தனை கார்கள், எத்தனை வீடுகள், அதற்குப் பணம் எங்கிருந்து என்பதும் அதே கோப்பில் இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறவரே அதற்கும் சேர்த்துப் போடட்டும். லேக்வுட் நகராட்சி அதைத் தன் விற்பனை வரியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.