கார்பன் மரத்தில் ஏறுவது வேறு, மண்ணில் சேர்வது வேறு

"பல வகை மரம் இருந்தால் பத்தே வருடத்தில் மண் கார்பன் இரட்டிப்பாகும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். மரத்தையும் மண்ணையும் குழப்பிக்கொண்டீர்கள் போல. பனாமா கால்வாய்ப் படுகையின் அகுவா சலுத் பகுதியில், மேய்ச்சல் நிலத்தில் தானாக முளைத்த காடுகளை ஆராய்ந்தார்கள். 15 வருடம் வளர்ந்த பிறகும் மண் கார்பன் குறிப்பிடும்படி கூடவில்லை. இத்தனைக்கும் அவை பல இனக் காடுகள்தான். மேய்ச்சல் புல்லின் வேரே மண்ணில் நிறையக் கார்பனை விட்டிருக்கும். அது மட்கிப் போகப் போக, மரங்களின் சருகும் வேரும் அந்த இடத்தை நிரப்புகின்றன. கணக்கு அப்படியே நிற்கிறது. சரி, அதற்காகப் பல வகை மரங்கள் இருப்பது வீண் என்று சொல்லவில்லை. அங்கேயே, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் நுண்ணுயிர்களின் துணையோடு பிடிக்கும் அவரைக் குடும்ப மரங்கள் முதல் 12 வருடங்களில் காட்டுக்குத் தேவையான நைட்ரஜனில் பாதிக்கு மேல் கொடுத்திருக்கின்றன. ஆனால் அதனால் வேகமாக ஏறியது மரத்திலுள்ள கார்பன்.