எத்தனை மில்லி?

"பூச்சி மருந்து எத்தனை மில்லி கொடுக்கலாம்?" வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். ஆடு வளர்ப்பவரோ பூனை வைத்திருப்பவரோ, யார் கேட்டாலும் கேள்வி இதேதான். குடற்புழு, சொறி, உண்ணி இவற்றுக்கான மருந்தைத்தான் பூச்சி மருந்து என்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. பல வருடமாக ஆடும் நாயும் வளர்க்கிறவன், அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்வதில்லை. சிலருக்கு அதில் வருத்தம் என்று தெரியும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் தன் நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மூன்று கிலோகூடத் தாண்டாத குட்டி. சொறி பிடித்திருக்கிறது என்று, மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை அவரே ஊசியாகப் போட்டிருக்கிறார். "ஒரே ஒரு மில்லிதாங்க போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குட்டியின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கீழே விட்டால் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயின. கண்மணி முழுக்க விரிந்திருந்தது. முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினேன், இமை அசையவில்லை.

கணக்கைப் பாருங்கள். 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லிக்குள் 10 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது 10,000 மைக்ரோகிராம். மாட்டுக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் போடுவார்கள். அப்படியானால் ஒரு மில்லி என்பது 50 கிலோ உடம்புக்கு உரியது. அது மூன்று கிலோ குட்டிக்குள் போயிருக்கிறது, கிலோவுக்கு 3,300 மைக்ரோகிராமுக்கு மேல். மாட்டுக் கணக்கையே வைத்தாலும் அதற்கு 0.06 மில்லிதான் வரும். சாதாரண சிரிஞ்சில் அந்த அளவைச் சரியாக எடுக்கவே முடியாது. நாய்க்கு இதயப்புழு வராமலிருக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் அளவோ கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம். ஒரே மருந்துதான், விலங்கும் நோக்கமும் மாறினால் அளவு இத்தனை மடங்கு மாறுகிறது.

இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, உடம்புச் சூட்டைக் காத்து, மருந்து தானாக வெளியேறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் குட்டி நான்காம் நாள்தான் தலையைத் தூக்கியது. பிழைத்துக்கொண்டது.

கோலி போன்ற மேய்ப்பு நாய் இனங்களாக இருந்தால் இதைவிடப் பல மடங்கு குறைவாகக் கொடுத்தாலே ஆபத்து. மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் ஒரு புரதம் அவற்றில் பலவற்றுக்குச் சரியாக வேலை செய்யாது. எம்டிஆர்1 என்ற மரபணுவில் உள்ள குறை அது, 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். கலப்பின நாயின் பாட்டன் கோலியா என்று பார்த்தவுடன் யாரால் சொல்ல முடியும்? ஆமைக்கு ஐவர்மெக்டினே ஆகாது. நாய்க்கு முதுகில் விடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகலாம். "சின்ன நாய்க்கு உள்ளதுதானே, பூனையும் அதே சைஸ்தானே" என்று நினைத்து விடுகிறார்கள். பூனை சின்ன நாய் இல்லை.

அப்புறம் பாட்டில் விஷயம். இதில் நானே தவறப் பார்த்தேன். வெள்ளாட்டுக்கு 2.5 சதவீத அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்துதான் எப்போதும் வாங்குவேன். 30 கிலோ ஆட்டுக்கு 12 மில்லி என்று கைக்குப் பழகிவிட்டது. ஒருமுறை 10 சதவீதப் பாட்டில் வந்துவிட்டது. வெள்ளை மருந்து, அதே மாதிரி லேபிள். 12 மில்லியை உறிஞ்சி, ஆட்டின் வாயையும் பிடித்துவிட்ட பிறகுதான் லேபிள் கண்ணில் பட்டது. நான்கு மடங்கு. அந்த ஆடு அப்போது சினை பிடித்து மூன்று வாரம். அல்பெண்டசோல் சினையின் தொடக்கத்தில் சரியான அளவிலேயே தரக்கூடாது, குட்டி ஊனமாகலாம். சினையை யோசிக்காமல் மருந்தை எடுத்ததே முதல் தப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சதவீதத்தை வாய்விட்டுப் படித்த பிறகுதான் சிரிஞ்சைத் தொடுகிறேன்.

"கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்துக்கு அது பெரும்பாலும் சரி, சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் உள்ள இடைவெளி அதில் அகலம். லெவாமிசோல் என்ற இன்னொரு புழு மருந்துக்கு அப்படி இல்லை, சில மடங்கு கூடினாலே எச்சில் ஒழுகி, நடுங்கி, மூச்சு நிற்கலாம். குளோசான்டெல் என்ற புழு மருந்து அளவு மீறினால் ஆட்டுக்குக் கண் நிரந்தரமாகப் போய்விடலாம்.

சரி, பயந்துகொண்டு குறைத்துக் கொடுத்தால்? இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது, யாரும் பேசாததும் இதுதான். அரைகுறை அளவில் பலவீனமான புழுக்கள் சாகும், தாக்குப்பிடித்தவை முட்டையிடும். சில தலைமுறையில் அந்த மந்தையில் அந்த மருந்தே எடுபடாது. ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழு உலகின் பல இடங்களில் பல மருந்துகளுக்கு மசியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இமையின் உட்புறம் வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிற்கும் ஆட்டுக்கு மருந்து கொடுத்தும் மாறவில்லை என்றால் அந்த வேதனை வளர்ப்பவருக்குத் தெரியும். செம்மறிக்கு எழுதிய அளவை வெள்ளாட்டுக்குக் கொடுப்பதும் பல மருந்துகளில் குறை அளவுதான், வெள்ளாட்டின் உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். அதற்காக நாமே கூட்டிவிடவும் கூடாது, எதில் எவ்வளவு கூட்டலாம் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

குறை அளவுக்கு முதல் காரணம் கண்மதிப்பு. என் ஆடு ஒன்றை 28 கிலோ என்று சத்தியம் செய்திருப்பேன். அளவுநாடாவைப் போட்டால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 30 அங்குலம், தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்புவரை நீளம் 28 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் 84 பவுண்டு, அதாவது 38 கிலோ. பத்துக் கிலோ தப்பு! நாய், பூனைக்கு இவ்வளவு வேலைகூட இல்லை. தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும்.

முடிந்தால் மருந்துக்கு முன்பும், பத்துப் பதினான்கு நாள் கழித்தும் சாணப் பரிசோதனை செய்யுங்கள். சாணத்தில் புழு முட்டை எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அளவோ மருந்தோ தவறு.

மருத்துவருக்குப் போன் செய்யும்போது மில்லியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "வெள்ளாடு, நாடா வைத்து அளந்தேன், 38 கிலோ, சினை இல்லை, பால் கறக்கிறது, கடைசியாக நான்கு மாதம் முன்பு மருந்து கொடுத்தேன், கையிலிருப்பது 2.5 சதவீத அல்பெண்டசோல்" என்று சொல்லி, லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை மில்லி, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.