மராமத்துப் பட்டறை தண்டச் செலவா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் அந்த இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. நம் கடற்படை நீர்மூழ்கிகளின் மராமத்துக்குப் பணம் வேண்டும் என்று நான் மேடையில் பேசியதற்கு, ஒரு தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்குப் பதில் எழுதுகிறேன். "ஏவுகணை வாங்கப் பணம் கேளுங்கள் ஐயா, நாங்கள் கைதட்டுகிறோம். உலர்தளம், உதிரிபாகம், பட்டறை என்று பழைய இரும்புக்கு எதற்காகத் தண்டம் அழ வேண்டும்?"

அரங்கம் கைதட்டியது. நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

நீர்மூழ்கி கடலுக்குள் இருந்தால்தான் அதிலுள்ள ஏவுகணைக்கு மதிப்பு. தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் உலர்தளத்தில் வயிற்றைத் திறந்து வைத்துக் கிடக்கும் கப்பலின் ஏவுகணையைக் கண்டு எந்த எதிரியும் அஞ்ச மாட்டான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஏவுகணை என்று பேசியதால் ஏவுகணையிலிருந்தே தொடங்குகிறேன். ரஷ்யர்களிடம் வாங்கிய நம்முடைய சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகள் பலவற்றுக்கும், நீருக்கடியிலிருந்தே ஏவக்கூடிய கிளப் ஏவுகணை எப்படி வந்தது? கப்பல் கட்டியபோது வந்ததில்லை. ரஷ்யாவின் செவெரோத்வின்ஸ்கில் உள்ள ஸ்வியோஸ்தோச்கா கப்பல் தளத்துக்கு மராமத்துக்குப் போனபோது பொருத்தப்பட்டது. அந்தத் தம்பி தண்டம் என்று சொன்ன அதே பட்டறை வேலையில்தான் ஏவுகணையே வந்து சேர்ந்தது. 2007இல் அந்த வகையைச் சேர்ந்த சிந்துவிஜய் அங்கே மராமத்து முடித்துச் சோதனைக்கு இறங்கியது. ஏவிய ஏவுகணைகள் இலக்கைத் தொடவில்லை. குறை சரியாகும்வரை கப்பலை ஏற்க மாட்டோம் என்று நம் கடற்படை மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டுதான் கப்பல் ஊர் திரும்பியது. அத்தனை மாதங்களும் அந்த ஏவுகணை காகிதத்தில் இருந்தது, கடலில் இல்லை.

கல்வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வடிவமைப்பில் மும்பையில் கட்டிய ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கிகளில் முதலாவது, 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. எல்லோரும் படம் போட்டுப் பெருமைப்பட்டோம், நானும் போட்டேன். நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் புதிய கனரக டார்பிடோவுக்கு அதற்கென்று பேசியிருந்த ஒப்பந்தம் ரத்தாகிப்போயிருந்தது, பழைய டார்பிடோக்களோடு சமாளித்தார்கள். புதிய டார்பிடோவை ஸ்கார்பீனில் இணைப்பதற்கு 877 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டது 2024 டிசம்பரில். ஏழு ஆண்டு இடைவெளி. அதே நாளில் 1,990 கோடியில் இன்னொரு ஒப்பந்தமும் போட்டார்கள். வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் தரும் நம் நாட்டு உந்து அமைப்பை ஸ்கார்பீனில் பொருத்துவதற்கு. அது இருந்தால் பேட்டரியை ஏற்ற அடிக்கடி மேலே வந்து மூக்கை நீட்ட வேண்டியதில்லை, பல நாள் நீருக்கடியிலேயே பதுங்கலாம். இதை எங்கே பொருத்துவார்கள் தெரியுமா? கப்பலின் உடலைக் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் ஒரு புதிய துண்டைச் செருகி, மறுபடி பற்றவைக்க வேண்டும். அந்த வெல்டிங்கில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஆழத்தில் கடல் உள்ளே வந்துவிடும். கடையில் வாங்கி மாட்டுகிற வேலையா இது? பட்டறை வேலை. தண்டம் என்றீர்களே, அந்தப் பட்டறை.

"பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே" என்று கூட்டத்துக்குப் பிறகு ஒருவர் வந்து கேட்டார். நல்ல மனிதர், கோபமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முப்பது ஆண்டில் 24 நீர்மூழ்கிகள் என்ற திட்டத்துக்கு 1999இல் ஒப்புதல் கிடைத்தது. ஆறு ஸ்கார்பீனுக்கு ஒப்பந்தம் 2005இல் போட்டார்கள். ஆறாவது கப்பல் வாக்ஷீர் சேர்ந்தது 2025 ஜனவரியில். ஆறு கப்பலுக்கு இருபது ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் கடலைக் காத்தது யார்? 1986 முதல் வந்த அந்தப் பழைய இரும்புதான். அதே ஆண்டில் சேர்ந்த சங்குஷ் நீர்மூழ்கியின் ஆயுளை நீட்ட 2023இல் மும்பையின் மசகான் கப்பல் தளத்தோடு 2,725 கோடிக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். முப்பத்தேழு வயதுக் கப்பலுக்கு இவ்வளவா என்று அப்போதும் சிலர் முகம் சுளித்தார்கள். வேறு கப்பல் கையில் இருந்தால் நானும் சுளித்திருப்பேன்.

என் கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். கிழக்குக் கரையில் ஒரு தளம், வால்வுப் பிரிவு. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கட்டபொம்மன் நிலையம் 1990இல் விஜயநாராயணத்தில் வந்தபோது, தன் ஊர் மண்ணிலிருந்து கப்பலுக்குக் குரல் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். ஒரு வால்வை அழுத்தச் சோதனைக்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் காதைக் கொடுப்பார். நாங்கள் கருவியில் தேடும் கசிவை அவர் காதில் கண்டுபிடிப்பார்.

1992இல் ஒரு கப்பல் எங்களிடம் பதினொரு மாதம் அதிகமாகக் கிடந்தது. காரணம் ஒரு ரப்பர் சீல், உள்ளங்கை அகலம். சோவியத் யூனியன் உடைந்து போயிருந்தது. அதைச் செய்த ஆலை இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்பதற்கே கடிதம் மேல் கடிதம் போனது. அண்ணாச்சி உள்ளூரில் ஒரு ரப்பர் பட்டறையில் அச்சு வெட்டி, நாலு முறை தோற்று, ஐந்தாவது முறை செய்துகாட்டினார். அனுமதி வரவில்லை. அசல் சீல் வந்த பிறகுதான் மாட்டினோம். விதிப்படி அதுதான் சரி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றே ஒரு சோதனைக்கூடமும் சொந்தமாக உதிரிபாகம் செய்யும் ஏற்பாடும் இருந்திருந்தால் அந்தப் பதினொரு மாதம் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கப்பல் சோதனை ஓட்டத்துக்குப் போனபோது பட்டறை ஆட்கள் நாலு பேர் உடன் போனோம். மூழ்குவதற்கு முன் ஒரு மாலுமி இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டினான். கீழே போகப் போக அந்த நூல் தொய்ந்து தொங்க ஆரம்பித்தது. கடல் அந்த எஃகு உடலையே அழுத்திச் சுருக்குகிறது. உடல் முனகும் சத்தம் கேட்கிறது. நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவர் நூலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் வால்வுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரைத்தான் பழைய இரும்புக்காரன் என்றார்கள்.

அரசுத் தளங்கள் இழுத்தடிக்கின்றன என்பீர்கள். ஆமாம், இழுத்தடித்திருக்கின்றன. சிந்துகீர்த்தி 2006இல் விசாகப்பட்டினத்தில் மராமத்துக்குப் போய் முடிந்து வர ஒன்பது ஆண்டு ஆனது. வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் மறைக்கவில்லை. ஆனால் கை பழகாத வேலைக்குக் கை எங்கிருந்து வரும்? எண்பதுகளில் ஜெர்மானிய நிறுவனத்திடம் கற்று மசகானில் ஷல்கி, ஷங்குல் என்று இரண்டு நீர்மூழ்கி கட்டினோம். ஊழல் குற்றச்சாட்டு எழுந்ததும் அந்த வரிசையையே நிறுத்தினார்கள். தப்பு செய்தவனைத் தண்டிப்பதை விட்டுவிட்டுக் கற்ற கைகளைச் சும்மா உட்கார வைத்தோம். பத்தாண்டுக்கு மேல் அங்கே அடுத்த நீர்மூழ்கிக்குத் தகடு வெட்டவில்லை. வெல்டர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். வாய்ப்பும் வசதியும் கொடுத்தால் என்ன செய்வோம் என்பதற்குக் சென்னைக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளிக் கப்பல் தளமே சாட்சி. 2022இல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் அங்கே வந்து பழுது பார்த்துப் போனது.

இதெல்லாம் ராணுவ ரகசியம், வெளியே பேசலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். நான் எழுதியதில் எந்தக் கப்பல் விவரமும் நாளிதழில் வராதது இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் பணம் இல்லாதபோது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் வாங்குவது என்று முடிவு செய்தபின் வாங்கியதைப் பேணாமல் விடுவது எந்த ஏழைக்கும் சோறு போடாது.

பேணாமல் விட்டால் என்ன ஆகும்? 2013 ஆகஸ்ட் 14, மும்பைத் துறையில் சிந்துரக்ஷக் வெடித்து மூழ்கியது. 18 பேர். 2014 பிப்ரவரி 26, சிந்துரத்னாவுக்குள் புகை. இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்று மாலையே கடற்படைத் தளபதி ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு என்பது எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் பராமரிப்பின் தலையில் கட்டவில்லை. ஆனால் நீர்மூழ்கியில் கேபிளும் பேட்டரியும் வால்வும் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இருபது முகங்கள் வந்து நிற்கின்றன. பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தால் ஒரு பொறி போதும். அதைத் தினமும் அளந்துகொண்டே உள்ளே தூங்குகிற பிள்ளைகள் அவர்கள். அவர்கள் கப்பலைப் பழுது பார்ப்பதைத் தண்டம் என்று சொல்ல எப்படி வாய் வந்தது? அதற்கு எப்படிக் கைதட்ட முடிந்தது? கைதட்டியவர்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. அதுதான் அதிகம் வலிக்கிறது.

நேற்று அண்ணாச்சி போன் செய்தார். எண்பது தாண்டிவிட்டது, காது மந்தமாகிவிட்டது. பேரன் வீடியோவைக் காட்டியிருக்கிறான். "அந்தப் பையன் என்ன சொன்னான், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, நீ சொல்" என்றார். ஏவுகணை பற்றிப் பேசினான் என்று மட்டும் சொன்னேன். "நல்லது" என்றார்.