நான்காவதாக வந்த பெண்

போன வாரம் பாம்பனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள் விளையாட்டுச் செய்திகளைப் பேசிக்கொண்டு வந்தார்கள். கோல்ஃப் ஆடும் அதிதி அசோக்கின் பெயர் வந்தது. "ஒலிம்பிக்கில் கோட்டைவிட்டாரே, அவர்தானே?" என்றான் ஒருவன். அந்தச் சொல் என்னைத் தைத்துவிட்டது. அவர்களிடம் சொல்லாமல் இறங்கிவிட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் கடைசிச் சுற்று. விடிவதற்கு முன்பே எழுந்து கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர்; முழங்கால் வலியால் கரையில் இருக்கிறார். கோல்ஃப் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டார். "குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும்" என்றேன். அதற்கு மேல் அவர் விளக்கம் கேட்கவில்லை. பந்தை விட்டுவிட்டுக் குழியில் நட்டிருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடியைப் பாரம்மா, காற்று திரும்புகிறது" என்றார். கச்சான் காற்று வீசினால் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வந்தால் வடகடல் புரளும். ஒரே தீவில் இருந்துகொண்டு எந்தக் கடலில் இறங்குவது என்பதைக் காற்றிடம் கேட்டு வாழ்ந்தவர் அவர். புல்லைக் கிள்ளி மேலே வீசிக் காற்றுப் பார்க்கும் ஆட்டக்காரர்களைப் பார்த்ததும் அவருக்கு அந்த ஆட்டம் புரிந்துவிட்டது.

அன்று அதிதிக்கு வயது 23. உலகத் தரவரிசையில் 200-வது இடம். சில வாரங்களுக்கு முன்புதான் கொரோனாவிலிருந்து மீண்டிருந்தார். உடம்பில் பழைய வலு இல்லை. முதலிடத்தில் இருந்த அமெரிக்காவின் நெல்லி கோர்டா அடித்த பந்து போய் விழுந்த இடத்துக்கு வெகு பின்னால்தான் இவருடைய பந்து விழுந்தது. அவ்வளவு தூரத்தை இழந்துவிட்டு, குழியருகே வந்ததும் பட்டிங்கில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டித் தட்டுவதில், ஒவ்வோர் அடியாக மீட்டார். ஆட்டக்காரரின் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடக்கும் உதவியாளருக்குக் கேடி (caddie) என்று பெயர். அன்று அதிதியின் கேடி அவருடைய அம்மா. நாளுக்கு ஒரு சுற்றாக நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் அதிதி பாருக்கு, அதாவது ஆட்டத்துக்கு வகுத்திருக்கும் அடிக்கணக்குக்கு, 15 அடி குறைவு. கோர்டா 17. ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 16. கடைசிக் குழியில் அதிதி தொலைவிலிருந்து தட்டிய பந்து குழியை நெருங்கிப் போய் வெளியே நின்றது. 60 பேர் ஆடிய போட்டியில் ஓர் அடியில் பதக்கம் போயிற்று. இதற்குப் பெயர் கோட்டைவிடுவதா? 56 பேர் அவருக்குப் பின்னால் இருந்தார்கள்!

கோல்ஃப் ஆட்டக்காரரின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. கிரிக்கெட்டில் இருப்பதுபோல் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்க வாரியம் கிடையாது. விமான டிக்கெட், தங்குமிடம், கேடிக்குக் கொடுக்க வேண்டிய கூலி எல்லாம் ஆட்டக்காரர் தலையில்தான். இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்கு 'கட்' என்று பெயர். அதைத் தாண்டாதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெரும்பாலான போட்டிகளில் அவர்களுக்குப் பரிசுப் பணம் ஒரு காசுகூட இல்லை. இதைச் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டீசலும் ஐஸும் போட்டுக் கடலுக்குப் போய், மீன்பாடு இல்லாமல் வெறும் வலையோடு திரும்பினால் பங்கு எங்கே இருக்கிறது? செலவு மட்டும் மிஞ்சும். அதற்காகப் படகு வைத்திருக்கும் எந்தச் சம்மாட்டியும் எந்தக் கடலோடியும் தொழில் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதில்லை. அடுத்த நடைக்குப் போவார்கள். அந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை இரவானால் "அந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்பது அப்பாவின் வழக்கமாகிவிட்டது.

ஐந்து வயதில் பெங்களூரில் மட்டையைப் பிடித்த பெண். 17 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, 18 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதே 2016 நவம்பரில் பெண்கள் இந்திய ஓபன் போட்டியை வென்றார். பெண்கள் ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். மாதம் முடிவதற்குள் கத்தாரில் இன்னொன்று. அடுத்த ஆண்டு அபுதாபியில் மூன்றாவது.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு பட்டமும் இல்லை.

என் மனம் தங்குவது இந்த ஐந்து ஆண்டுகளில்தான். வாரத்துக்கு ஓர் ஊர், வேறு புல், வேறு காற்று. வெல்லும்போது வந்த கூட்டம் அப்போது இல்லை. அவர் ஆடிக்கொண்டே இருந்தார். 2023 பிப்ரவரியில் கென்யாவில் மறுபடி வென்றார். அந்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்றாவது சுற்றை 61 அடியில் முடித்து, ஏழு அடி முன்னிலையோடு கடைசி நாளில் இறங்கினார். அன்று 77 ஆயிற்று. தங்கம் தாய்லாந்துக்குப் போனது, அதிதிக்கு வெள்ளி. ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கம் அது. ஆனால் அன்றும் நம் வாயில் முதலில் வந்தது "தங்கத்தைத் தவறவிட்டார்" என்பதுதான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் ஸ்பெயினில் பட்டம் வென்றார். இதை எத்தனை பேர் பேசினோம்?

பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் 1991-இல் ஆண்கள் இந்திய ஓபனை வென்ற அலி ஷேரும் 2009-இல் வென்ற முனியப்பாவும் மற்றவர்களின் பையைச் சுமந்த கேடிகளாகத் தொடங்கியவர்கள். குடிநீருக்குக் காவிரியை எதிர்பார்த்திருக்கும் இந்த மாவட்டத்தில் புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. கோல்ஃப் மைதானம் நான் கேட்கவில்லை. விளையாடுகிற பிள்ளையைப் பார்க்கிற நம் கண் மாற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என் சித்தப்பா மகள் 400 மீட்டர் ஓடியவள். கடற்கரை மணலில் ஓடிப் பழகி மாநிலப் போட்டி வரை போனாள். அங்கே நான்காவது வந்தாள். முதல் மூன்று பேருக்குத்தான் சான்றிதழ் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் நாங்களும் "என்ன ஆயிற்று?" என்றுதான் கேட்டோம். நானும் கேட்டேன். தமிழ்நாடு முழுவதிலும் மூன்று பெண்கள் மட்டுமே அவளைவிட வேகமாக ஓடினார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

நான் வேலை செய்யும் பள்ளியில் இந்த ஆண்டு விளையாட்டு விழாவில் முடிவுகளை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொரு போட்டிக்கும் நான்கு பெயர் வாசித்தேன். எட்டாம் வகுப்பு 200 மீட்டரில் நான்காவது பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது, வேலியோரம் நின்ற ஒரு பெண் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பாசி எடுத்துவிட்டுக் கடலிலிருந்து நேராக வந்தவர். சேலையில் ஈரம் காயவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "என் மகள் பெயரைச் சொன்னார்களா?" என்று கேட்டார். இன்னொரு முறை வாசித்தேன்.