தஞ்சாவூர் போனால் முதலில் கீழே பாருங்கள்

பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வருகிற நண்பர்கள் பெரும்பாலும் ஒரே மூன்று விஷயங்களைத்தான் சொல்கிறார்கள். விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின்) நிழல் தரையில் விழாதாம், உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல்லாம், நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்களாம். வாட்ஸ்அப்பில் வருவதும் இதுதான், ரீல்ஸில் வருவதும் இதுதான்.

நிழல் விழுகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய்க் கிழக்குப் பக்கம் பாருங்கள், மண்டபத்தின் மேல் நீளமாகக் கிடக்கும். உச்சியில் உள்ள எண்பட்டைச் சிகரம் ஒற்றைக் கல் இல்லை, பல கற்களைச் சேர்த்து அமைத்தது. நந்தி ராஜராஜன் காலத்ததே இல்லை, நாயக்கர் காலத்தது. சரி, பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும், கேட்க நன்றாக இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். ஒரு பொய் அதிசயத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் கண் அதையே தேடுகிறது. அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்து, அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். 1010-இல் முடித்த ஒரு கட்டடம், ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது, அதில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி நம் இடுப்பு உயரத்திலும் கண் உயரத்திலும் இருக்கிறது, அதைக் கடந்து போய்விடுகிறோம்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் கீழே பாருங்கள். கோயிலைத் தூக்கி நிறுத்துகிற அந்த அடித்தளத்துக்கு அதிட்டானம் என்று பெயர். அதில் உருண்டையாகப் புடைத்து ஓடுகிற பெரிய வரிதான் குமுதம், அதற்கு மேலே வரிசையாக யாளிகள் (சிங்கம் போன்ற கற்பனை விலங்குகள்), மூலைக்கு வந்தால் முதலை போன்ற மகரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், அந்த வாய்க்குள்ளிருந்து வீரன் ஒருவன் வெளியே வருவான். இந்தக் குமுதத்தின் வளைவு மேலேயே வரி வரியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். வளைந்த கருங்கல்லில், வரி கோணாமல். விரலால் தடவ வேண்டாம், பக்கத்தில் குனிந்து பார்த்தாலே போதும், உளி எங்கே இறங்கி எங்கே ஏறியது என்று தெரியும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக விழும், அப்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

அந்த எழுத்துகளில் என்ன இருக்கிறது என்பதை எந்த ரீலும் சொல்வதில்லை. தான் கொடுத்ததையும், அக்கன் (அக்கா குந்தவை) கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அப்படியே இருக்கிறது. அரசனுக்கு இணையாக, மற்றவர்கள் கொடுத்ததற்கும் அதே கல்லில் இடம். கோயிலைக் கட்டிய தச்சன் பெயரும் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். உலகத்தில் எத்தனையோ புகழ்பெற்ற பழைய கட்டடங்களுக்குக் கட்டியவன் யாரென்று தெரியாது, நமக்குத் தெரிகிறது, நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அப்புறம் மதிலில் உள்ள தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு. கோயிலில் ஆடவும் பாடவும் ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 பெண்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், தஞ்சையில் எந்தத் தளிச்சேரியில் (கோயில் பெண்கள் குடியிருந்த தெருவில்), எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீடு என்று முழு விலாசம். கூலியாக ஒவ்வொரு பங்குக்கும் நூறு கலம் நெல். ‘நக்கன் எடுத்தபாதம்’ என்று ஒரு பெயர் வரும். ஆடும் சிவனின் தூக்கிய திருவடி என்று தன் மகளுக்குப் பெயர் வைத்த ஒரு தாயோ தகப்பனோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். நிழல் விழாத கதையை விட இது எனக்கு எவ்வளவோ பெரிய அதிசயம்.

கீழே நன்றாகப் பார்த்த பிறகு அண்ணாந்து பாருங்கள், அப்போது விமானமே வேறு மாதிரி தெரியும். சுவரே இரண்டு அடுக்கு, மேல் வரிசைக் கோட்டங்களில் (சிற்பம் நிற்கும் சுவர் மாடங்களில்) திரும்பத் திரும்ப முப்புரம் எரித்த சிவன். அதற்கு மேல் 13 நிலைகள், ஒவ்வொன்றும் கீழே உள்ளதை விடக் கொஞ்சம் குறுகி, 200 அடிக்கு மேல் நேர்கோடாக ஏறுகிறது. இத்தனை எடையும் மேலே போகப் போக உள்பக்கமாக நீட்டி அடுக்கிய கற்களில் நிற்கிறது, உள்ளே வெறும் கூடு. மகன் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் இதே நேர்கோட்டை உள்வாங்கி வளைத்தான். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தீர்களென்றால் அப்பாவுக்கும் மகனுக்கும் ரசனை எப்படி வேறுபட்டது என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

விமானத்தின் மேல்தளத்து உள்சுவரில் சிவன் ஆடும் கரணச் சிற்பங்கள் (நாட்டிய நிலைகள்) உண்டு, பொதுவாக அங்கே விடுவதில்லை. 108-இல் 81 மட்டும் செதுக்கி, மீதிக் கற்கள் வெறுமனே நிற்கின்றன. ஏன் நின்றது என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரும் போகும் இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில், அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் பசுபதிகோயில் என்று ஓர் ஊர், அங்கே சம்பந்தர் பாடிய புள்ளமங்கை ஆலந்துறைக் கோயில் இருக்கிறது. பெரிய கோயிலுக்கும் முந்தையது, முதலாம் பராந்தகன் காலத்தது என்கிறார்கள். உயரத்தில் அதன் கால்வாசி கூட இருக்காது. கருவறையைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம். சுவரின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குள் ராமாயணக் காட்சிகள், சிவனின் கதைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அசைவு. வடக்குப் பக்கம் எருமைத் தலை மேல் நிற்கும் துர்க்கை, தலைக்கு மேல் குடை, பக்கத்தில் மானும் சிங்கமும், காலடியில் தன் உடம்பையே அறுத்துக் கொடுக்கும் வீரர்கள். நான் பார்த்த துர்க்கைகளில் இதற்கு மேல் ஒன்று கிடையாது என்று தயங்காமல் சொல்வேன்.

இவ்வளவு பெருமை பேசுகிறோமே, இதையெல்லாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதும் பேச வேண்டும். நான் பார்த்த ஒரு கிராமத்துச் சோழர் கோயிலில் திருப்பணி என்ற பெயரில் தரையை உயர்த்திப் பளபளவென்று கிரானைட் பதித்துவிட்டார்கள், குமுதம் வரைக்கும் தரைக்குள் போய்விட்டது, கல்வெட்டு பாதி வரியில் நிற்கிறது. உபயதாரர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் பளிச்சென்று தெரிகிறது. பார்த்தபோது அழுகையே வந்தது. பக்தியோடுதான் செய்தார்கள், சந்தேகமில்லை, ஆனால் அடித்தளத்துக்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான், ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறவர்கள். உங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்கு வேலை தொடங்கினால் முதல் நாளே போய் நில்லுங்கள், கல்வெட்டு இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், தரையை உயர்த்த வேண்டாம் என்று பெரியவர்களிடம் பக்குவமாகப் பேசுங்கள்.

டெல்டா பக்கம் போகிறவர்களுக்கு: இரண்டு நாளில் ஒன்பது கோயில் என்று வண்டி பேசாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவுதான். மாலைக்குக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள தாராசுரம் கோயிலை வைத்துக்கொள்ளுங்கள். ராஜகம்பீரன் மண்டபத்தின் தேர்ச் சக்கரத்தோடு நிற்காமல் சுற்றி வாருங்கள், மூலக்கோயிலின் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கும், சிலவற்றின் மேல் பெயரும் வெட்டியிருக்கும். குனிந்தே பார்க்க வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பெயர் வெட்டிய சிற்பங்களை அவர்களையே தேடச் சொல்லுங்கள், அவர்கள் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.