வேளச்சேரிப் பிள்ளைக்குப் பனிக்கரடி எதற்கு?

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால், சென்ற வாரம் சென்னை வேளச்சேரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கான சுற்றுச்சூழல் பயிற்சி நூலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். மேசையில் ஐந்து நூல்கள். நான்கு வழவழப்பான தாளில் அச்சிட்டவை, நான்கின் அட்டையிலும் பனிக்கரடி. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கச் சொன்னது. பாடம் வந்துவிட்டது. அது எந்த ஊர்ச் சுற்றுச்சூழல் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

ஒரு நூலில் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி. மழைக்காலத்துக்கு விடை 'ஜூன் முதல் செப்டம்பர் வரை'. நம் பிள்ளைகள் குடையைத் தேடுவது ஐப்பசியில். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, உண்மையை எழுதினால் மதிப்பெண் போய்விடும்!

இன்னொன்றில் வாஷ்பேசின், கண்ணாடி, வாயெல்லாம் நுரையுடன் ஒரு சிறுவன். 'பல் துலக்கும்போது குழாயை மூடு.' பக்கத்தில் இருந்த இளம் ஆசிரியை மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் குழாயே கிடையாது. லாரி வரும் நாளில் குடத்தில் பிடித்து வைப்பதுதான்." அந்தப் பிள்ளைக்குச் சிக்கனம் கற்றுத்தர நமக்கு என்ன தகுதி இருக்கிறது? 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், செங்குன்றம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏரிகள் ஏன் வறண்டன, ஊருக்குள் இருந்த ஏரிகள் எங்கே போயின என்று அந்த நான்கு நூல்களில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. பழியை மொத்தமாகப் பிள்ளையின் பல்துலக்கியின்மேல் போட்டுவிட்டால் பெரியவர்களுக்கு வேலை மிச்சம்.

என்னை மிகவும் கோபப்படுத்தியது கடைசிப் பக்கத்துச் சொற்பொருள். 'சதுப்பு நிலம்: நீர் தேங்கும், பயிரிட உதவாத நிலம்.' அந்தப் பள்ளியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புவது அதுதான். இதற்குக் கழுவெளி என்று அழகான சொல் தமிழில் இருக்கிறது. எதற்கும் உதவாத நிலம் என்று நினைத்ததால்தானே அங்கே குப்பையைக் கொட்டினோம், கட்டடமும் கட்டினோம்? அந்த நினைப்பையே அச்சடித்து விலைக்கு விற்கிறார்கள்.

எங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் தாளின் தரம், படங்களின் நேர்த்தி, விலை என்று மூன்று கட்டங்கள். வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் கல்விச் சங்கம் 1996இலேயே இதற்கென ஆறு அளவுகோல்களை வகுத்தது. நியாயமும் துல்லியமும் முதலில், ஆழம் அடுத்து, பயன்படுத்தும் வசதி கடைசியில். அப்படியே கடன் வாங்க வேண்டாம். ஆனால் முதல் அளவுகோலை வைத்தாலே அன்று மேசை பாதிக்கு மேல் காலியாகியிருக்கும்.

ஐந்தாவது நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டமான தாள், கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரு பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. மேலே ஒரே வரி: 'உங்கள் தெருவில் விழும் மழைநீர் எங்கே போகிறது? நடந்து போய்ப் பார்த்து வரைக.' அதற்கு என் கையும் அந்த இளம் ஆசிரியையின் கையும் மட்டுமே உயர்ந்தன. பனிக்கரடி ஒன்று ஜெயித்தது.

மாதிரிப் பிரதியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு காலை பேத்தியுடன் எங்கள் தெரு மழைநீர் வடிகாலைப் பின்தொடர்ந்தோம். மூன்றாவது திருப்பத்தில் ஒரு அடுக்குமாடிச் சுற்றுச்சுவருக்குக் கீழே அது காணாமல் போனது. அவள் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்திலேயே சுவரையும் வரைந்திருக்கிறாள்.