‘கால்வாசி கோடு ஏஐ எழுதுகிறது’: ஃபார்வர்டில் வெட்டப்பட்ட பின்பாதி

“கூகுளில் கால்வாசி கோடை (கணினி நிரலை) ஏஐயே எழுதுகிறது. இனி புரோகிராமர் வேலை கிடையாது, பிள்ளைகளை அந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்த முடிவு தவறு.

2024 அக்டோபரில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் காலாண்டு முடிவுகளை வெளியிட்டபோது சுந்தர் பிச்சை சொன்னது: புதிய கோடில் கால்வாசிக்கு மேல் ஏஐ உருவாக்குகிறது, பிறகு பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து ஏற்கிறார்கள். ஃபார்வர்டில் இந்தப் பின்பாதி இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. முழு உரையையும் கூகுளின் வலைப்பதிவில் படிக்கலாம்.

சரிபார்ப்பு சடங்கு இல்லை. லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்பை அழைக்கும் இம்போர்ட் வரியில், உண்மையில் எங்குமே இல்லாத லைப்ரரியின் பெயரை ஏஐ சில சமயம் எழுதிவிடும். அதே பெயரில் யாராவது தீங்கான நிரலைப் பதிவேற்றி வைத்திருந்தால், இன்ஸ்டால் செய்த நொடியே அது கணினிக்குள் வந்துவிடும். இத்தகைய லைப்ரரிகள் பேக்கேஜ்களாக வெளியாகும் பைபிஐ (பைத்தான் மொழிக்கு) அல்லது என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு) தளத்தில் அந்தப் பேக்கேஜ் எப்போது வெளியானது, பராமரிப்பவர் யார், மூலநிரல் எங்கே என்று முதலில் பாருங்கள்.

மாற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் 2024–34 கணிப்பில் மென்பொருள் உருவாக்கம், சோதனை சார்ந்த வேலைகள் 15% கூடுகின்றன. முக்கியமாகக் கோடு எழுதுவதைச் சார்ந்த புரோகிராமர் வேலைகள் 6% குறைகின்றன. பணியகத்தின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இந்த அரைகுறைச் செய்தி பிள்ளைகளைக் கலங்கடிக்கிறது. தயவுசெய்து இதற்குமேல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.